ஆதம்பாவா கட்டின கந்தோர்

எங்கட மனிசன் பொய் சொல்லமாட்டாரு, களவெடுக்கமாட்டாரு, சிகரெட்டக் கையால தொட்டதில்ல. அவருக்கு இரிக்கிற ஒரே கிறுக்கு பழைய போஸ்ட்காட்டுத்தான். அதுலயும் பூப்படம் வேணா, ஆனப்படம் வேணா, கடற்கரைப் படம் வேணா. கட்டிடம் வேணும். நூறு வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் காலத்துல அச்சடிச்ச தபால் கந்தோர், அரசாங்கக் கச்சேரி, ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, லைப்ரரி. சாய்ந்தமருதுல மேசன் வேலை செய்யிற மனிசனுக்கு இது என்னத்துக்கு எண்டு நீங்க கேப்பீங்க. கேளுங்க, கேளுங்க. நானும் முப்பது வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன்.

பேர் ஆதம்பாவா. மேசன் எண்டதால ஆதம்பாவா பாஸ் எண்டாத்தான் ஊருக்குள்ள தெரியும். இந்தக் கிறுக்கு என்னக் கட்ட முந்தியே அவரப் புடிச்சிட்டு. அப்ப இளந்தாரி, கொழும்புல வேலை. ஒரு பழைய அரசாங்கக் கட்டிடத்துல தூண் தலைப்புப் பூச்செல்லாம் உதிர்ந்து விழுந்து போச்சாம். அதத் திருப்பிச் செய்யணும், ஆனா பழசு எப்பிடி இரிந்திச்செண்டு ஒருத்தருக்கும் தெரியா. இஞ்சினியர் எங்கேயோ தேடி ஒரு போஸ்ட்காட்டக் கொண்டாந்து, “இதப் பாத்துச் செய்” எண்டு கையில குடுத்தாராம். எங்கட ஆள் பூதக்கண்ணாடிய வச்சு அந்த அட்டையப் பாத்துப் பாத்து ஒண்டரை மாசத்துல வேலைய முடிச்சாரு. முடிஞ்சதும் எல்லாரும் சம்பளத்த வாங்கிக்கிட்டு ஊருக்குப் போனாங்க. இவர் அட்டையையும் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தாரு. அதுதான் முதலாவது.

அந்த முதலாவதோட சேத்து அறுபது எழுவது அட்டை சுனாமியில போச்சு. ஊடும் போச்சு. அல்லாஹ்ட காவல், நாங்களும் மகளும் தப்பினம். அதுக்குப் பொறகு ஆறேழு வருஷமா அவர் கட்டினதெல்லாம் தொண்டு நிறுவனத்து ஊடுகள். எல்லாம் ஒரே பிளான். ரெண்டு அறை, ஒரு குசினி, முன்னுக்கு ஒரு கதவு, பக்கத்துல ஒரு ஜன்னல். பகல் முழுக்கப் பெட்டி பெட்டியாக் கட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை கதைக்கமாட்டாரு. ஒரு நாள் கொழும்புக்குப் போனவர் பழைய புத்தகக் கடையொண்டுல இருந்து ரயில்வே ஸ்டேஷன் அட்டை ஒண்டு கொண்டாந்தாரு. அண்டைக்குத்தான் மனிசன் வயிறாரச் சோறு திண்டாரு. சரி, இரிந்திட்டுப் போகட்டும் எண்டு நானும் உட்டுட்டன். உட்டது பிழை.

இப்ப அலுமாரியில எனக்கு சாரி வைக்க இடமில்ல, எல்லாம் அல்பம். எங்கட மகள் கமீலா போன்ல தேடித் தேடி வெளிநாட்டுக்காரர்ட்ட இருந்து எடுத்துக் குடுக்கிறாள். தபால்காரர் மணியடிச்சா இவர் சோத்துக் கையோட கேற்றடிக்கு ஓடுவாரு. அட்டை வந்த நாள் ஊட்டுல வேற கதையில்ல. விறாந்தையில குந்திக்கிட்டு, “இஞ்ச பாரு ஹாஜறா, இந்தப் பொலிஸ்காரன் தூணுக்குப் பக்கத்துல நிக்கான்தானே? அவன அஞ்சரை அடி எண்டு வை. தூண் அவன மாதிரி மூண்டு ஆள். அப்ப பதினாறு பதினேழு அடி வருது” எண்டு கணக்குப் பாப்பாரு. ஆள் நிக்காத அட்டையெண்டா மனிசனுக்கு முகம் வாடிரும். அளக்க ஏலாதே!

எனக்கு முன்பக்கம் ஒரு சதத்துக்கும் வேணா. பின்பக்கத்துலதான் விருப்பம். அந்தக் காலத்து வெள்ளைக்காரிமாரு அக்கா தங்கச்சிக்கு எழுதின இங்கிலீசக் கமீலா வாசிச்சுத் தமிழ்ல சொல்லுவாள். ஒருத்தி எழுதியிரிக்காள், இஞ்ச வெயில் தாங்க ஏலா, கெதியா என்ட குடைய அனுப்பு எண்டு. இன்னொருத்தி, குசினிக்காரன் முட்டைய ஒளிச்சு வைக்கான் எண்டு. அந்தக் குடை அவள்ட கைக்கு வந்திச்சா இல்லையா எண்டு எனக்கு இண்டைக்கும் யோசினைதான்.

ஒருக்கா என்ட கூடப்பொறந்த மூத்தவரு, காக்கா, ஒரு அரண்மனை அட்டை கொண்டாந்து குடுத்தாரு, நல்ல கலர். இவர் திருப்பிக் குடுத்திட்டாரு. எனக்கு வந்த கோவம்! “ஆசையாக் கொண்டாந்த மனிசன் முகத்துல அடிச்ச மாதிரி என்ன கத இது?” எண்டு ஏசினன்.

“அரண்மனைக்குள்ள என்ன உடுவானா?” எண்டாரு. “பங்களாவுக்குள்ள உடுவானா? தபால் கந்தோருக்குள்ள யாரும் போகலாம். செருப்பில்லாம வயலுக்குள்ளால வாற மனிசனும் போகலாம். அவனுக்காகவும்தான் அவ்வளவு பெரிய தூண் வச்சுக் கட்டியிரிக்கான். எனக்கு அந்தக் கட்டிடம்தான் வேணும்.”

இனி விஷயத்துக்கு வாறன். எங்கட பக்கம் ஊடு பொம்புளப் புள்ளக்கித்தான். மாப்புளதான் பொண்ணுட ஊட்டுக்கு வந்து குடியிருப்பாரு. இந்த வளவும் என்ட உம்மா எனக்குத் தந்தது. இனி அது கமீலாக்கு. அவளுக்கு இருபத்தேழு. டிகிரி முடிச்சுப்போட்டு அரசாங்க வேலைக்குக் காத்துக்கிட்டு இரிக்காள். ஊடு முடியல்ல எண்டு ரெண்டு சம்மந்தம் தட்டிப் போச்சு. மூணாவதா வந்தது நிந்தவூர் அஸ்கி, சொந்தமா மருந்துக் கடை வச்சிரிக்க பொடியன். இந்தச் சம்மந்தம் பேசத் தொடங்கின நாள் தொட்டு என்ட மகள் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சும்மா சிரிக்கிறாள். பெத்தவளுக்கு விளங்காதா? இதுவும் தட்டிப் போச்செண்டா அந்தச் சிரிப்பு திரும்பி வராதெண்டு எனக்குத் தெரியும்.

அதால ஊட்டு வேலைய அடிச்சுப் பிடிச்சுத் தொடங்கினம். பின்னுக்கு எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு அறை, முன் ஊடு மகளுக்கு. முன்பக்க வேலை தொடங்கக்குள்ள பொத்துவில்ல என்ட தங்கச்சி ஒப்பரேஷன் செஞ்சு படுத்திரிந்தா. அவக்குச் சோறாக்கிக் குடுக்க நான் போய்ட்டன். ஒரு கிழமைக்கெண்டு போனது அஞ்சு கிழமையாப் போச்சு. போன்ல கேட்டா, “எல்லாம் நல்லா நடக்குது புள்ள, நீ யோசிக்காத” எண்டாரு. அந்த மனிசன் யோசிக்காத எண்டு சொன்னா யோசிக்கணும். நான் யோசிக்கல்ல.

திரும்பி வந்த நாள் ஒழுங்கையில ஓட்டோக்காரன், “ராத்தா, எங்க நிப்பாட்ட?” எண்டு கேக்கான். நான் பாத்தன். இடப்பக்கம் ஒரு பெரிய கந்தோர். நாலு தூண், தூணுக்குத் தூண் வளைவு, மேல முக்கோணமாச் சுவர், அந்த முக்கோணத்துக்குள்ள மணிக்கூடு வைக்க வட்டமா ஒரு ஓட்டை. முன்னுக்கு அகலமா அஞ்சு படி. வெள்ளைப் பூச்சு பளபளக்குது. “இது புதுசா வந்த கந்தோர் போல தம்பி, இன்னும் கொஞ்சம் போங்க” எண்டன். போனா ஒழுங்கை முடிஞ்சு கடற்கரை வந்திட்டு. அல்லாஹ்வே! நானே என்ட ஊட்டத் தாண்டிப் போய்ட்டன்!

திரும்பி வந்து இறங்கி நான் போட்ட சத்தத்துல பக்கத்து ஊட்டுக் கோழியெல்லாம் வேலிக்கு மேலால பறந்திச்சு. இவர் படியில நிண்டு சிரிக்காரு. கையில ஒரு அட்டை. ஒரு தபால் கந்தோர்ப் படம், எந்த ஊரெண்டு எழுதின மூலை கிழிஞ்சு போச்சு. “இதுதான் புள்ள. படியில ஒரு பொம்புள குந்தியிரிக்காள், பாத்தியா? அவள வச்சுத்தான் அளந்தன். நம்மட வளவுக்குத் தக்கன அரைவாசியாக் குறைச்சிட்டன்” எண்டாரு. குறைச்சது இது! குறைக்காட்டி என்ன கட்டியிருப்பாரோ.

அடுத்த நாளே சனம் வரத் தொடங்கிட்டு. மெய்யாத்தான் சொல்றன். முதலாவது ஒரு தாய், பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுக்க வந்தன் எண்டு. பொறகு பென்ஷன்காரர் ஒருத்தர். மறுகா ரெண்டு பேர், ஐடென்டிக் காட்டுப் படிவத்தோட. இது ஊடுதான் எண்டு சொன்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல, சாப்பாட்டு நேரம் எண்டு நாங்க ஏமாத்துறோமாம். நான் துரத்தத் துரத்த, கமீலா ஒரு மேசையக் கொண்டாந்து விறாந்தையில போட்டாள். “வந்தவங்க வந்திட்டாங்க உம்மா. படிவத்த நிரப்பிக் குடுத்து, எந்தக் கந்தோருக்குப் போகணும் எண்டு சொல்லி உட்டா என்ன?” எண்டாள். வாப்பாவும் மகளும் ஒரே மண்டை. ரெண்டு கிழமையில தூரத்து விநாயகபுரத்துல இருந்தெல்லாம் ஆள் வருது. ஊருக்குள்ள எங்கட ஊட்டுக்குக் கந்தோர் ஊடு எண்டு பேர் வந்திட்டு.

சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பொறகு அஸ்கியும் உம்மாவும் ஊடு பாக்க வாறதெண்டு முடிவாச்சு. நான் காலையிலயே கண்டிப்பாச் சொல்லிட்டன், இண்டைக்கு ஒருத்தரும் படியில ஏறப்படாது. சம்சா பொரிச்சு, வட்டிலப்பம் அவிச்சு, கமீலாக்குப் பச்சைச் சல்வார் உடுத்தி வச்சிட்டுப் பாத்துக்கிட்டு இரிக்கன். போன் அடிக்குது. அஸ்கிட உம்மா. “ராத்தா, நாங்க உங்கட ஒழுங்கையிலதான் நிக்கம். இஞ்ச ஒரு கந்தோர்தான் இரிக்கு, ஊட்டக் காணல்லியே” எண்டா. எனக்குத் தல சுத்திட்டு.

வெளியில ஓடிப்போனா, மேல்படியில ஒரு மனிசன் உரப் பையொண்ட மடியில வச்சுக்கிட்டு வசதியாக் குந்தியிரிக்காரு. சொறிக்கல்முனைப் பக்கத்து வயல்காரர், பேர் சின்னப்போடியாம். எப்ப வந்தாரோ தெரியா. அஸ்கிட உம்மா ஓட்டோவ உட்டு இறங்கி வந்து படியில கால வச்சா. இவர் கைய நீட்டி மறிச்சாரு. “தங்கச்சி, வரிசையில வாங்க. நான் காலையில இருந்து நிக்கன். எனக்குப் பொறகுதான் நீங்க.”

பூமி வெடிச்சு என்ன உள்ள எடுத்திரக்குடாதா எண்டு இரிந்திச்சு. அந்த மனிசன் நிப்பாட்டல்ல. “பயப்படாதீங்க, உள்ள ஒரு புள்ள இரிக்கு. தங்கமான புள்ள. அஞ்சு சதம் வாங்காது. போன கிழமை என்ட உரப் படிவத்துல மத்தக் கந்தோர்ல பிழையா எழுதினதெல்லாம் அதுதான் திருத்தித் தந்தது” எண்டு அஸ்கிட உம்மாக்கு விபரமா சொல்றாரு. அஸ்கி வாயப் பொத்திக்கிட்டு மறுபக்கம் கிறுகி நிக்கான், தோள் ரெண்டும் குலுங்குது. சிரிக்கானா அழுறானா எண்டு எனக்கு விளங்கல்ல.

உள்ள கூட்டிக்கொண்டுபோய் இருத்தினம். அஸ்கிட உம்மா அறை பாத்தா, குசினி பாத்தா, கிணறு பாத்தா. எல்லாம் பிடிச்சிட்டு. தேத்தண்ணியக் குடிச்சுக் கோப்பைய வச்சுப்போட்டு அஸ்கிட உம்மா மெதுவாச் சொன்னா. “ராத்தா, கோவிச்சிக்காதீங்க. ஊடு நல்ல ஊடு. ஆனா அந்த முன்பக்கத்த உடைச்சுப் போட்டுத் தாங்க. என்ட மகன் கந்தோருக்குள்ள குடியிருக்கான் எண்டு நிந்தவூர்ல சிரிப்பாங்க.”

நான் வாயத் தொறக்க முந்தி எங்கட மனிசன் சொன்னாரு: “ஓம் தங்கச்சி. நாளைக்கே உடைக்கன்.”

முப்பது வருஷத்துல அவர் ஒரு விஷயத்துக்கு இவ்வளவு கெதியா ஓம் சொல்லி நான் கேட்டதில்ல. ஒரு வாதமில்ல, ஒரு அட்டையக் காட்டி விளக்கமில்ல. நான் ஆசைப்பட்டதுதானே நடக்கப்போகுது? எனக்குச் சந்தோசம் வந்திருக்கணும். என்ட வட்டிலப்பத் தட்ட அப்பிடியே குசினிக்குக் கொண்டுபோய் வச்சன்.

ஞாயிற்றுக்கிழமை சுபஹு தொழுதுபோட்டு வந்து ஏணிய எடுத்து வச்சாரு. சுத்தியல், உளி, கல்ல இறக்கக் கயிறு. நான் தேத்தண்ணியோட வந்து நிண்டன். “வேற ஆள வச்சு உடைக்கலாம்தானே?” எண்டு கேட்டன்.

“வேற ஆள் நொறுக்கிப் போடுவான். நான் எண்டா கல்லக் கழட்டுவன், மதிலுக்கு உதவும்” எண்டு ஏணியில ஏறினாரு. ஏறி, வட்டத்துக்குப் பக்கத்துல உளிய வச்சாரு. வச்ச கை அப்பிடியே நிக்கி.

“ஏன் இதக் கட்டின நீங்க?” எண்டன். ஏசக் கேக்கல்ல. மெய்யாவே தெரிஞ்சுக்கக் கேட்டன்.

அவர் கீழ பாக்காமச் சொன்னாரு. “எத்தினை ஊடு கட்டியிருப்பன் ஹாஜறா? நான் பிறந்தது உம்மாட ஊடு. அது கூடப்பொறந்த ராத்தாக்குப் போச்சு. பொறகு உன்ட ஊட்டுக்கு வந்தன். இனி மகள்ட ஊட்டுக்குப் பின்னுக்கு இரிக்கப் போறன். குறையாச் சொல்லல்ல, நம்மட வழக்கம் நல்ல வழக்கம்தான், பொம்புளப் புள்ள ஒருநாளும் தெருவுல நிக்கமாட்டாள். ஆனா நான் விரும்பினபடி ஒண்டக் கட்டி, அதுக்கு முன்னால ஒருக்கா நிண்டு பாக்கணும் எண்டு ஆசையா இரிந்திச்சு. பாத்திட்டன். போதும்.”

அழுகை வந்திட்டு எனக்கு. சொல்ல வெக்கமில்ல. முப்பது வருஷமா அந்த மனிசன் என்ட ஊட்டுக்குக் கூரை மாத்தினாரு, நிலம் இழுத்தாரு, சுவர் பூசினாரு. ஒரு நாளாவது என்ட ஊடு எண்டு அவர் வாயால வந்து நான் கேட்டதில்ல. நானும் அதக் கவனிச்சதில்ல. “இறங்குங்க கீழ!” எண்டு கத்தினன்.

“புள்ளட வாழ்க்கை பெருசா, தூண் பெருசா?” எண்டாரு.

பின்னால கமீலா நிண்டிரிக்காள். எல்லாத்தையும் கேட்டிட்டாள். “வாப்பா, அஞ்சு நிமிஷம் அடிக்காம இரிங்க” எண்டு போன எடுத்து அஸ்கிக்கு அடிச்சு, எங்களுக்கும் கேக்கிற மாதிரிச் சத்தத்தக் கூட்டி வச்சாள். “உங்கட உம்மாக்கு முன்பக்கம் பிடிக்கல்ல. வாப்பா உடைக்க ஏணியில நிக்காரு. எனக்கு அது வேணும். உங்களுக்கு வேணாம் எண்டா இப்பவே சொல்லுங்க.”

மறுகா அஸ்கிட குரல் வந்திச்சு. “நானும் உம்மாவும் நேத்துல இருந்து இதத்தான் கதைச்சுக்கிட்டு இரிக்கம். இரிங்க, உம்மாட்ட குடுக்கன்.”

அஸ்கிட உம்மா எடுத்த எடுப்புல, “மகள், அந்த வயல்கார மனிசன் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல நிக்கி” எண்டா. “நான் அஞ்சு நேரமும் கையேந்தி, கந்தோருக்குப் போற மருமகள் ஒண்டத் தா றப்பே எண்டு கேட்டன். அல்லாஹ் கந்தோரையே கட்டித் தந்திட்டான். நான் அத உடைக்கச் சொன்னா நன்றிகெட்டதனமில்லியா? நிந்தவூர் சிரிச்சாச் சிரிக்கட்டும். வாப்பாவ இறங்கச் சொல்லுங்க, விழுந்து கிழுந்து போகப்போறாரு.”

நான் சிரிச்சனா அழுதனா தெரியா. கமீலா போன நெஞ்சோட வச்சுக்கிட்டு அந்த இடத்துலயே குந்திட்டாள். எங்கட ஆள் ஏணியில இருந்து இறங்கி, நேர குசினிக்குப் போய் மிச்ச வட்டிலப்பத்த முழுசாத் திண்டாரு.

நிக்காஹுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி கல்முனைக்குப் போனம், ஊட்ட மகள்ட பேருக்கு எழுத. நான் முதல் நாளே தனியாப் போய், காணி உறுதி எழுதுற நொத்தாரிசு ஐயாட்ட ஒரு கத கதைச்சு வச்சிட்டு வந்திரிந்தன். கமீலாக்குத் தெரியும். அவருக்குத் தெரியா. மூலையில கதிரையில குந்தி, சாட்சிக்குக் கையெழுத்து வைக்கத்தான் கூட்டிக்கிட்டு வந்தாங்க எண்டு நினைச்சு, சுவருல பூச்சு வெடிச்சிரிக்கிறதப் பாத்துக்கிட்டு இரிந்தாரு.

நொத்தாரிசு ஐயா உறுதிய வாசிச்சாரு. வளவு, எல்லை, கிணறு, தென்னை, எல்லாம் மகளுக்கு. வாசிச்சுக்கிட்டே வந்து, “முன் விறாந்தையும், அதன் நான்கு தூண்களும், ஐந்து படிகளும் ஆதம்பாவா அவர்களின் சீவிய காலம் முழுவதும் அவருக்கே உரித்தானவை. அவரது சம்மதமின்றி அவற்றில் எவரும் கைவைக்கலாகாது” எண்டாரு.

எங்கட மனிசன் சுவரப் பாக்கிறத நிப்பாட்டினாரு. என்னப் பாத்தாரு. நான் கைப்பைக்குள்ள எதையோ தேடுற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டன்.

“ஐயா,” எண்டாரு. “அந்த இடத்த இன்னொருக்கா வாசிங்க.”

வாசிச்சாரு.

“குறை நினைக்காதீங்க ஐயா. இன்னும் ஒருக்கா.”

வெளியில அஞ்சாறு பேர் காத்துக்கிட்டு நிண்டாங்க. நொத்தாரிசு ஐயா கண்ணாடியத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, முதல்ல இருந்து, அவர்ட பேரோட, ஆறுதலா வாசிச்சாரு.